உறுதிமொழிக் குழு எங்கள் ஊருக்கு வந்த நாள்

டெல்லியிலிருந்து கடலூருக்கு வந்து, அங்கிருந்து எங்கள் சிதம்பரம் தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த அந்த ஃபேக்ஸ் தாள் வழவழவென்று இருந்தது. மேசையில் வைத்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். நான்கு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்துத்தான் படித்தோம். ஏழு எம்.பி.க்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்த மாநிலம், எத்தனை முறை ஜெயித்தவர், என்ன சாப்பிடுவார், உடம்புக்கு என்ன என்ற விவரம். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு முழங்கால் வலி. பெண் உறுப்பினர் ஒருவருக்கு நேரே 'படகுப் பயணம் விருப்பம்' என்றே எழுதியிருந்தது. முதல் பெயர் குழுவின் தலைவருடையது. அவருக்கு மட்டும் மூன்று வரி. வெங்காயம், பூண்டு கூடாது. வெயில் கூடாது. படி ஏறக் கூடாது. எங்கள் தாசில்தார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவர கண்ணாடிப் பொட்டியில வச்சித்தான் கொண்டாரணும் போலருக்கே" என்றார். நான் அப்போது அங்கே துணை வட்டாட்சியர். சிரித்தேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஒரு நாள் முழுக்க என் தலையில்தான் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டேன்.

சுனாமி வந்து மூன்று, நான்கு வருடம் ஆகியிருந்த காலம் அது. நாடாளுமன்றத்தில் எத்தனையோ குழுக்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். நிதிக்கு ஒன்று, மனுக்களுக்கு ஒன்று என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அரசு உறுதிமொழிகளுக்கென்று தனியாக ஒரு குழு இருப்பது அந்த ஃபேக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்தது. சபையில் ஒரு எம்.பி. கேள்வி கேட்பார். மந்திரி எழுந்து "ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். எல்லாரும் மறந்துவிடுவார்கள். இந்தக் குழு மறக்காது. சபாநாயகர் நியமித்த பதினைந்து பேர் (எங்கள் ஊருக்கு வந்தது அதில் ஏழு பேர்), மந்திரி சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, என்ன ஆயிற்று, ஏன் ஆகவில்லை என்று துறையைத் துளைத்துக்கொண்டே இருப்பார்கள். செய்ய முடியாது என்றால் துறை இவர்களிடம் வந்து, அந்த வாக்கைக் கைவிட அனுமதியுங்கள் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. "நம்ம வீட்டுக்கும் இப்படி ஒரு குழு போட்டா, சமையல்கட்டுக்கு டைல்ஸ் எப்பவோ வந்திருக்கும்" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் "பரிசீலிக்கப்படும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

அவர்கள் எங்கள் பக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு ஹால்ட், சின்ன ரயில் நிறுத்தம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இன்னும் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே, உப்பங்கழியை ஒட்டிய மீனவக் கிராமம். ஒரு கொட்டகை, ஒரு பெயர்ப் பலகை, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் அங்கே ரயில் நிலையம். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. ஏஜென்ட் ஒருவர் சின்ன ஜன்னல் வழியாக டிக்கெட் கொடுப்பார். மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றும் வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். பாதை திறந்த பிறகும் அந்த ஹால்ட் தொடரும் என்று ஒரு மந்திரி மக்களவையில் சொல்லியிருந்தார். பிறகு துறை டிக்கெட் விற்பனையை எடுத்துப் பார்த்தபோது, அங்கே ஒரு நாளைக்கு ஏறியவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை. ஏழெட்டுப் பேருக்காக ஒரு ரயிலை நிறுத்துவானேன் என்று, அந்த உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்டுவிட்டார்கள். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று குழு கிளம்பிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு ரயில் இருக்குமா இருக்காதா என்பது அந்த ஒரு நாளில் தீர்மானமாக வேண்டியிருந்தது.

தலைவர் வடக்கே ஒரு மாநிலத்துக்காரர். ஹிந்தி மட்டும்தான் பேசுவார். எங்கள் தாலுகாவில் ஹிந்தி தெரிந்த ஒரே ஜீவன் நான். சின்ன வயதில் என் அப்பா விடாப்பிடியாக எல்லா ஹிந்திப் பரீட்சையும் எழுத வைத்திருந்தார். அதை அலுவலகத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. பணிப் பதிவேட்டைப் புரட்டி தாசில்தார் கண்டுபிடித்துவிட்டார். என்னுடையது பாடப்புத்தக ஹிந்தி. அரசரே, தங்கள் கருணைக்கு நன்றி என்று சொல்லத் தெரியும். கார் பின்னால் நிற்கிறது, இந்தப் பக்கம் வாருங்கள் என்று சொல்லத் தெரியாது. "அதெல்லாம் பேசப் பேச வந்துடும்மா. நீ தலைவரு கூடயே இரு. அவரு வெயில்ல நிக்கக் கூடாது, அது ஒண்ணு பாத்துக்க" என்று பொறுப்பை ஒப்படைத்தார்.

நிகழ்ச்சி நிரலைப் போட்டதும் நாங்கள்தான். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும். கோயில் தரிசனம் ஒரு மணி நேரம். சுற்றுலா மாளிகையில் கூட்டம் ஒன்றரை மணி நேரம். ஹால்ட் பார்வை இருபது நிமிடம். மதிய உணவு, பிச்சாவரத்தில் படகுப் பயணம், ஓய்வு எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம். பெரிய ஆட்கள் யார் வந்தாலும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொதுமக்கள் பிரதிநிதிகள் என்று ஐந்து பேரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாலையோடு வரிசையில் நிற்க வைத்துவிடுவோம். மற்றவர்களைக் கயிறு கட்டி அந்தப் பக்கம் நிறுத்துவோம். அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தவள் நான். ஊராட்சித் தலைவர், ஐஸ் கம்பெனி முதலாளி, ஓய்வுபெற்ற வாத்தியார், இரண்டு படகு உரிமையாளர்கள். எல்லாரும் மரியாதைப்பட்டவர்கள், நன்றாகப் பேசுவார்கள். கயிறு கட்டியவளும் நான்தான். மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்து நின்றால் வாசம் வரும், சத்தம் வரும், தலைவருக்கோ வெங்காயமே ஆகாது. இப்படியெல்லாம் யோசித்துக் கயிற்றை இன்னும் இருபதடி தள்ளிக் கட்டச் சொன்னேன்.

காரிலிருந்து இறங்கிய தலைவரைப் பார்த்து நாங்கள் எல்லாருமே ஏமாந்துபோனோம். கண்ணாடிப் பெட்டி ஆள் இல்லை. குள்ளமான, கருத்த, உறுதியான விவசாயி. ஆறு முறை எம்.பி.யாக இருந்தவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மடிப்புக் கலைந்த குர்தா, மேல் பையில் ஏலக்காய் டப்பா. என் ஹிந்தியை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "மகளே, நீ பேசுவது என் தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது" என்றார். கோயிலில் ஒரு மணி நேரத் தரிசனத்தை அரை மணியில் முடித்துக்கொண்டு, "சாமி எங்கேயும் போகாது, கூட்டத்துக்குப் போகலாம்" என்று கிளம்பிவிட்டார்.

கூட்டம் என்றால் எங்கள் மாவட்டக் கூட்டம் போல இல்லை. தலைவர் நடுவில், அவருக்கு இருபுறமும் உறுப்பினர்கள், எதிரே அதிகாரிகள். இது நாடாளுமன்றமே இங்கு வந்து உட்கார்ந்த மாதிரி, இங்கே சொல்வதை வெளியே பேசக்கூடாது, தப்பாகச் சொன்னால் சபையை ஏமாற்றியது போல என்று தொடக்கத்திலேயே வாசித்தார்கள். காபி கொண்டுவந்த மாளிகைப் பணியாளர் அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த ஏழு பேரும் வேறு வேறு கட்சிக்காரர்கள். டெல்லியில் ஒருவரையொருவர் கிழிப்பவர்கள். இங்கே ஆளும் கட்சிக்காரரே தன் அரசின் அதிகாரியை முதலில் பிடித்துக்கொண்டார். இடைவேளையில் தலைவரிடம் அதைச் சொல்லி ஆச்சரியப்பட்டேன். "சபையில் நாங்கள் கட்சி. கமிட்டி அறைக்குள் வந்தால் நாங்கள் சபை" என்றார். அந்த வார்த்தையை நான் பிறகு பல இடங்களில் என் சொந்தச் சரக்கு போலச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஹால்ட். ஐந்து பிரமுகர்களும் மாலையோடு தயாராக நின்றார்கள். வாத்தியார் அழகாகப் பேசினார். ரயில் எங்கள் உயிர்நாடி என்றார். நான் மொழிபெயர்த்தேன். தலைவர் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் கடைசியாக எப்போது இங்கே ரயில் ஏறினீர்கள்?" வாத்தியார் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். தனக்கு ஸ்கூட்டர் இருப்பதாகச் சொன்னார். ஊராட்சித் தலைவருக்குக் கார். ஐஸ் கம்பெனி முதலாளிக்கு வேன். படகு உரிமையாளர் ஒருவர் மட்டும், சின்ன வயதில் ஸ்கூல் போகும்போது ஏறியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். கூட வந்திருந்த ரயில்வே அதிகாரி பணிவாகத் தன் கோப்பைத் திறந்து, ஏழெட்டுப் பேர் என்ற அந்தப் பக்கத்தைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். ஒரு ஊருக்கு ரயில் வேண்டும் என்று சாட்சி சொல்ல, ரயில் ஏறாத ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன். தலைவர் கோப்பைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. "எம்மா, நாங்க என்னா திருடறதுக்கா வந்தோம்? எங்களயும் ஒரு வார்த்த கேளுங்கம்மா!" தலைவர் நிமிர்ந்து, அவர்கள் யார் என்றார். மீன் விற்கும் பெண்கள் என்றேன். ஏன் தூரத்தில் நிற்கிறார்கள் என்றார். என் பாடப்புத்தகத்தில் அதற்கு வாக்கியம் இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். அவர் கொட்டகை நிழலை விட்டு, நடைமேடையிலிருந்து இரண்டு படி இறங்கி, வெயிலில் நேராக நடந்து போய்க் கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டார். குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். என் பின்னால் தாசில்தார் ஓடிவந்தார்.

முன்னால் நின்ற மீன்கார அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "ரயிலு நின்னதுல இருந்து ரெண்டு பஸ்சு மாறிப் போறோம் ஐயா. கூடயப் பாத்தா நிறுத்தாம போறான். நாத்தமாம். திங்கறப்ப நாத்தம் தெரியலியா? எட்டு மணிக்குள்ள சிதம்பரம் போனாத்தான் மீனு, அதுக்கப்புறம் போனா கருவாடு. ஷேர் ஆட்டோக்காரன் என்னாடான்னா கூடைக்கு ஒரு ஆளு சார்ஜு கேக்கறான். ரயிலு இங்க நிக்கும்னு சொன்னாராமே அந்த மந்திரி, அவர இந்தக் கூடயத் தலையில வச்சிக்கிட்டு பஸ்சுல ஒரு நாளு ஏறிப் பாக்கச் சொல்லுங்க!" நான் தலைவரிடம், "போக்குவரத்து வசதி குறைவு குறித்து இவர் பணிவோடு வேண்டுகோள் வைக்கிறார்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கையை இப்படி வீசிக்கொண்டு யாரும் பணிவாக வேண்டுகோள் வைப்பதில்லை மகளே. அவள் சொன்னதைச் சொல்." சொன்னேன். மந்திரி தலையில் கூடை வரைக்கும் சொன்னேன். ஏழு எம்.பி.க்களும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்துவிட்டன. ஆளும் கட்சிக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் தலைவர் கேட்டார்: "நீங்கள் இத்தனை பேர் தினமும் ஏறினீர்கள் என்றால், டிக்கெட் ஏன் ஏழெட்டுதான்?" அக்கா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். சீசன் டிக்கெட். போட்டோவில் பத்து வயது குறைவாக, கோபமாக இருந்தார். "சீசன் இங்க தர மாட்டாங்க ஐயா. சிதம்பரத்துல போயி மொத்தமா எடுத்துக்குவோம். எல்லார்கிட்டயும் இருக்குது." பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பையைத் தேடினார்கள். முப்பதுக்கு மேல் அட்டைகள் வந்தன. எல்லாம் காலாவதியானவை. மீன் செதில் ஒட்டியவை, கிழிந்து தைத்தவை. ரயில்வே அதிகாரி ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர் அவர், மழுப்பவில்லை. "இது சிதம்பரத்துக் கணக்கில் சேர்ந்திருக்கும் ஐயா. இங்கே ஏறியவர்கள் எல்லாரும் எங்கள் காகிதத்தில் சிதம்பரத்துக்காரர்கள்" என்றார். வருடக்கணக்காகத் தினமும் ரயில் ஏறிய ஒரு கூட்டம், ஏறிய இடத்தில் ஆளே இல்லாமல் போயிருக்கிறது. என் பங்குக்கு நான் அவர்களைக் கயிறு கட்டி வேறு மறைத்திருக்கிறேன்.

ரயில்தான் நின்றுபோயிற்றே, காலாவதியான அட்டையை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று தலைவர் கேட்கச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, இவ்வளவு படித்த ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற முகத்தோடு சொன்னார்: "ரயிலு திரும்ப வந்தா மறுபடியும் போட்டோ புடிக்கத் தேவையில்ல பாரு." அதை ஒரு வார்த்தை மாற்றாமல் மொழிபெயர்த்தேன். தலைவர் வெயிலில் நின்றபடியே ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, அதன் எண்ணைத் தன்னோடு வந்த உதவியாளரிடம் சொல்லி எழுத வைத்து, உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். இருபது நிமிடம் என்று நாங்கள் போட்ட நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் ஆயிற்று. படகுப் பயணம் விரும்பிய உறுப்பினர்கூட பிச்சாவரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மர நிழலில் உட்கார்ந்து பெண்களோடு சைகையில் பேசிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்த பனீர் பாத்திரத்தோடு ஆறிப்போன துக்கம் தாசில்தாருக்கு மட்டும் நெடுநாள் இருந்தது.

கிளம்பும்போது அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தைத் தலைவர் கையில் திணித்தார். நெத்திலிக் கருவாடு. நான் பதறி, இவர் சைவம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டுவிட்டார். காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மெல்ல என் பக்கம் நீட்டினார். "என் வீட்டுக்காரி இதைப் பார்த்தால் என்னை வீட்டைவிட்டுத் தொகுதிக்கே அனுப்பிவிடுவாள். நீ சாப்பிடுவாயா?" சாப்பிடுவேன் என்றேன். "அப்படியானால் இதற்கும் நீதான் மொழிபெயர்ப்பாளர்" என்றார். அந்த அரசாங்கக் கார் ஒரு வாரம் மணத்துக்கொண்டிருந்தது.

உறுதிமொழியைக் கைவிடும் கோரிக்கையைக் குழு ஏற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் குழுவின் ஆயுள் ஒரு வருடம்தான். வருடம் முடிந்தால் வேறு பதினைந்து பேர், ஒருவேளை வேறு தலைவர். அதற்கடுத்து பொதுத்தேர்தலும் வந்தது. எங்கள் தலைவர் உடம்பைக் காரணம் சொல்லிப் போட்டியிடவில்லை. எனக்கோ குறிஞ்சிப்பாடிக்கு மாறுதல். இனி யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள் என்று எனக்குக் கவலைதான். ஆனால் அந்த உறுதிமொழி ஒரு குழுவிடமிருந்து அடுத்த குழுவுக்கு, நிலுவைப் பட்டியலில் ஒரு வரியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அகலப் பாதை திறந்து பாசஞ்சர் ரயில் ஓடத் தொடங்கியபோது, கால அட்டவணையில் அந்த ஊரின் பெயர் இருந்தது. நிறுத்தம், ஒரு நிமிடம்.

அன்றைக்கே, அவர் கேலி செய்த அந்தக் கல்யாணப் பத்திரிகை ஹிந்தியிலேயே, தலைவரின் கிராமத்துக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டேன். பதில் வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நடுங்கும் எழுத்தில் ஒரு கார்டு வந்தது. வாழ்த்து இல்லை, நன்றி இல்லை. "அட்டவணையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ரயில் உண்மையாக நிற்கிறதா? கூடையோடு ஏற அந்த ஒரு நிமிடம் போதுகிறதா? டிக்கெட் எங்கே எடுக்கிறார்கள்? நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுது. பதவிதான் போயிற்று, கேள்வி போகவில்லை." படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்பது அந்தக் கார்டைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரின் மோட்டார் சைக்கிளில் போனேன். கயிறு இல்லாத அந்த இடம் எனக்குப் புதிதாக இருந்தது. கூடைகள் நடைமேடை ஓரம் வரிசையாக இருந்தன. கழுத்தில் புது சீசன் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அக்கா டிக்கெட் ஜன்னலில் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார். "என்னக்கா, சீசன் இருக்குதே, எதுக்கு டிக்கெட்?" என்றேன். திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்குள்ள முறை வச்சிருக்கோம்மா. சீசன் இருந்தாலும் தெனம் பத்துப் பேரு இங்க டிக்கெட்டு எடுத்துடணும். இன்னிக்கு என் முறை. இல்லன்னா இந்த எடத்துல ஆளே ஏறலன்னு மறுபடியும் எழுதிடுவாங்க. அந்த ஐயா பாவம், இன்னொரு வாட்டி வந்து வெயில்ல நிக்கற வயசா?"

தூரத்தில் ரயில் ஊதியது. பெண்கள் கூடைகளைத் தலைக்கு ஏற்றினார்கள். "நீ சிதம்பரம் வர்றியா?" என்றார் அக்கா. இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றேன்.

"வராட்டி போ. ஆனா ஒரு டிக்கெட்ட எடுத்துட்டுப் போ. கணக்குல ஒண்ணு ஜாஸ்தியா இருக்கட்டும்."

எடுத்தேன். ரயில் வந்து, உண்மையாகவே நின்றது. கூடைகள் கைமாறிக் கைமாறி உள்ளே போயின. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நிற்க எனக்கு மனம் வரவில்லை. வேப்பமரத்தடியில் வண்டியோடு விழித்துக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு நானும் ஏறிவிட்டேன்.